மணல் மூட்டையா, பரணா, குட்டி யானையா?

பூண்டி ஏரி நிரம்புகிறது என்று டிவியில் ஓட ஆரம்பித்ததும், வெள்ளத்திலிருந்து கடைச் சரக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று வடசென்னை மணலி புதுநகர் கடைத்தெருவில் கட்சி பிரிந்துவிடும். தண்ணீரை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்பவர்கள் மணல் மூட்டைக் கட்சி. அது வந்துவிட்டுப் போகட்டும், சரக்கை மேலே ஏற்று என்பவர்கள் பரண் கட்சி. குட்டி யானையில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பிவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு, ஆனால் வண்டி வாடகையைக் கேட்டதும் அவர்களில் பாதிப் பேர் முதல் இரண்டு கட்சியில் ஒன்றில் சேர்ந்துவிடுவார்கள்.

2021 நவம்பரில் பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலையாறு ஊருக்குள் வந்தபோது நான் முதல் கட்சி. எங்களுடையது ஹார்டுவேர் கடை. ஷட்டருக்கு முன்னால் மூட்டையை வரிசையாக அடுக்கி, தார்ப்பாய் போட்டு, பெருமையாகப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மூட்டை ஒன்றுகூட நகரவில்லை. தண்ணீர் பின்பக்கக் கழிவறைக் கோப்பை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வந்து, சிமெண்ட் மூட்டைகளைப் பாறாங்கல்லாக்கிவிட்டுத்தான் வடிந்தது.

அதற்காக மணல் மூட்டையே வீண் என்று சொல்ல மாட்டேன். வருவது எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. பட்டாளம், புளியந்தோப்பு பக்கம் ‘ஓட்டேரி நல்லா’ என்கிற கால்வாய் நிரம்பித் தெருவில் மழைநீர் தேங்கும்போது பல நேரம் கணுக்காலில் ஆரம்பித்து முழங்காலோடு நிற்கும், மழை விட்டால் வடியவும் செய்யும். அங்கே மூட்டை கைகொடுக்கும், அதுவும் சரியாக அடுக்கினால். சாக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் மணல் போட்டு, வாயை இறுக்கிக் கட்டாமல் மடித்துவிட்டு, அடியில் பாலிதீன் விரித்து, செங்கல் கட்டுவது போல இணைப்பு மாற்றி வைக்க வேண்டும். முழுக்க நிரப்பிய மூட்டை உருண்டையாக நிற்கும், இடுக்கெல்லாம் தண்ணீருக்கு வழி. இன்னொரு மூட்டை கழிவறைக்கும் வேண்டும், இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

இதைவிட நல்லது தடுப்புப் பலகை. ஷட்டர் சட்டத்தின் இரண்டு பக்கமும் வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒரு காடி வைத்து, ரப்பர் பீடிங் ஒட்டிய இரும்புத் தகட்டைச் செருகிவிட்டால் ஒரே ஆள் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம், மணலுக்கும் சாக்குக்கும் அலைய வேண்டாம். செலவு ஒருமுறைதான். ஆனால் இரண்டடிக்கு மேல் உயரம் வைக்காதீர்கள். எட்டு அடி அகல ஷட்டரில் இரண்டடித் தண்ணீர் நின்றால் அதன் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய 450 கிலோ. நாலடி நின்றால் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைப்போம், ஆனால் அது 1,800 கிலோ, அதாவது நாலு மடங்கு. ஷட்டரும் நாலரை அங்குலச் செங்கல் சுவரும் அதற்காகக் கட்டியவை அல்ல. அந்த உயரத்துக்கு வெளியே தண்ணீர் நிற்கும்போது உள்ளேயும் வரவிடுவதுதான் சுவருக்கு நல்லது.

மணலி புதுநகர், சடையங்குப்பம், வடபெரும்பாக்கம் பக்கம் வருவது ஆற்றுத் தண்ணீர், இல்லையென்றால் புழல் ஏரியின் உபரி நீர்க் கால்வாய்த் தண்ணீர். இரண்டும் போய்ச் சேரும் இடம் எண்ணூர் முகத்துவாரம். கடல் ஏற்றத்தில் இருந்தால் வாங்காது, ஆறு பின்னாலேயே தேங்கி நிற்கும். நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரைப் பலகை வைத்துத் தடுக்க முடியாது, ஏதாவது ஒரு இடுக்கில் கசிந்து உள்ளே வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்ததே, அது பட்ட சரக்கைக் காயவைத்துக்கூட விற்க முடியாது.

அதனால் இங்கே என் ஓட்டு பரணுக்குத்தான். சுவரோடு போல்ட் போட்ட ஆங்கிள் ரேக், மேல்தட்டு ஆறடிக்கு மேலே. முதலில் ஏற வேண்டியது சிமெண்ட், மோட்டார், கணக்கு நோட்டு. பைப்பும் பெயிண்ட் டப்பாவும் கீழேயே கிடக்கட்டும், கழுவிக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று மணி நேர வேலை. பூண்டியில் மதகு திறந்த தண்ணீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டித்தான் இங்கே வர வேண்டும் என்பதால் அந்த நேரம் பெரும்பாலும் கிடைக்கும். கடையில் ஃப்ரீசர் இருந்தால் அதைக் கயிறு போட்டுக் கட்டுங்கள், அது மிதக்கும், மிதந்து போய் ரேக்கையே சாய்க்கும். காலி கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். மெயின் ஸ்விட்சைத் தண்ணீர் வருவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள், வந்த பிறகு அதன் பக்கமே போகாதீர்கள்.

சரக்கை வெளியேற்றுவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. வடபெரும்பாக்கம் குடோன்காரர்களுக்கு வேறு வழியும் இல்லை, அவ்வளவு பெட்டியையும் எந்தப் பரணில் ஏற்றுவது? ஆனால் கடைசி நாளில் வண்டிக்காரர் சொல்வதுதான் விலை, அந்த விலைக்கும் ரோட்டில் நெரிசலில் நிற்க வேண்டும். ஐப்பசி பிறக்கும்போதே பேசிவைத்தால் சரி. சின்னக் கடைக்கு அதே தெருவில் ஒரு மாடி அறையைப் பேசி வைத்துக்கொண்டு மீன்பாடி வண்டியில் நாலு நடை அடிப்பது குட்டி யானையைவிட மலிவு, வேகமும் கூட.

இன்சூரன்ஸை நாலாவது கட்சியாக நான் சேர்ப்பதில்லை, அது எந்தக் கட்சியில் இருந்தாலும் வேண்டும். ஒரு இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி இருக்கிறது, வெள்ளமும் அதில் அடக்கம். எங்கள் பழைய பாலிசியில் கட்டடம் மட்டும் இருந்தது, சரக்கு இல்லை. ஏஜெண்டும் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. சரக்கை மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து, பில்லோடு போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரில் டிபன் கடை வைத்திருக்கும் அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை. கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி மாடிக்கு அனுப்பிவிட்டு, அடுப்பைக் கவிழ்த்துவிட்டு, எங்களுக்குக் கடைசி டீ போட்டுக் கொடுப்பார். நாங்கள் மூட்டையா பரணா என்று கத்திக்கொண்டிருக்கும்போது அவர் கேட்பது ஒன்றுதான்: “திறந்தது புழலா, பூண்டியா தம்பி?”