சிபாப் கருவி எந்தத் தலைப்பில் சேரும்: 9019-உம் அதன் போட்டியாளர்களும்

தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா நோயாளிகள் பயன்படுத்தும், முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியை இறக்குமதி செய்வோர், சுங்க வகைப்பாட்டில் 9019, 9020, 9021, 8414 ஆகிய நான்கு தலைப்புகளுக்கிடையே (நான்கிலக்கக் குறியீடுகளுக்கிடையே) தடுமாறுவதுண்டு. 1988-இல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய ஒத்திசைவு முறை எனப்படும் இந்தச் சுங்கக் குறியீட்டு முறையின் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவானவை. தீர்வை விகிதமும் அதற்குப் பிந்தைய இலக்கங்களும் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே இங்கே ஆறு இலக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காற்றுப் பம்புகளுக்கும் விசிறிகளுக்குமான 8414-ஐ முதலில் ஒதுக்கிவிடலாம். கருவிக்குள் காற்றை உந்தும் ஊதி இருப்பது உண்மைதான். ஆனால் 84, 85 ஆகிய அத்தியாயங்கள் அடங்கிய பதினாறாம் பகுதியின் முதல் குறிப்பு, 90-ஆம் அத்தியாயப் பொருள்களை அங்கிருந்து விலக்கிவிடுகிறது. 9020-உம் நெடுநேரம் நிற்காது. அதன் வாசகமே ‘பிற சுவாசக் கருவிகள்’ என்று தொடங்குவதால், 9019 ஏற்காதவை மட்டுமே அங்கே போகும். தீயணைப்பு வீரர், முக்குளிப்பவர், விமானி ஆகியோர் அணியும் கருவிகளே அதன் இயல்பான குடிமக்கள்.

உண்மையான போட்டி 9019-க்கும் 9021-க்கும் இடையில்தான். உடற்குறையை ஈடுசெய்ய உடலில் அணியப்படும், சுமந்து செல்லப்படும் அல்லது பொருத்தப்படும் கருவிகளை 9021 ஏற்கிறது. ஆப்னியா ஒரு குறைபாடு, அதைச் சிபாப் ஈடுசெய்கிறது என்ற வாதம் முதல் பார்வைக்கு வலுவாகவே தோன்றும். ஆயினும் இயந்திரம் படுக்கையருகே மேசைமேல் இருக்க, நோயாளி அணிவது முகமூடியை மட்டுமே. நாக்கு நரம்பைத் தூண்ட உடலுக்குள் வைக்கப்படும் கருவியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 9021-இன் சொற்கள் அதற்கே பொருந்துகின்றன. மறுபுறம், செயற்கைச் சுவாசக் கருவிகளோடு ‘பிற சிகிச்சைச் சுவாசக் கருவிகள்’ என்பதையும் 9019.20 தன் வாசகத்திலேயே சொல்கிறது. இந்தப் பிற்பாதிதான் முக்கியமானது. ஏனெனில் சிபாப் யாருக்காகவும் மூச்சு விடுவதில்லை. வழக்கமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் காக்கிறது, மூச்சை நோயாளியே விடுகிறார். எனவே ஆவணத்தில் அதைச் ‘செயற்கைச் சுவாசக் கருவி’ என்று எழுதுவது, குறியீடு சரியாகவே இருந்தாலும், தவறான விவரணை என்பேன்.

முழுக் கருவிக்கு 9019.20 என்பதில் எனக்கு ஐயமில்லை. சிக்கல் தனியே வரும் உதிரிகளில்தான் தொடங்குகிறது. 90-ஆம் அத்தியாயத்தின் இரண்டாம் குறிப்பைப் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். ‘இந்தக் கருவிக்கென்றே செய்யப்பட்டது, ஆகவே 9019’ என்று (ஆ) பிரிவுக்குத் தாவும் முன், அந்த உதிரி 84, 85, 90, 91 அத்தியாயங்களில் ஏதேனும் ஒரு தலைப்பின் பொருளாக ஏற்கெனவே இருக்கிறதா என்று (அ) பிரிவு கேட்கிறது. இருந்தால் அது அங்கேயே போக வேண்டும். லித்தியம்-அயன் மின்கலம் 8507.60-க்கும், மின் அடாப்டர் 8504.40-க்கும் போவது இதனால்தான். முகமூடியின் நிலை வேறு: அது காற்றைத் தானே வடிகட்டுவதுமில்லை, வழங்குவதுமில்லை என்பதால் அதை 9020-இன் பொருளாகக் கொள்ள முடியாது; (ஆ) பிரிவின்படி 9019.20-இலேயே சேர்ப்பது பொருத்தம். தலைப்பட்டை மீள்துணியால் ஆனது என்பதற்காக அதை விலக்க முற்படுவோர், 90-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு விலக்குவது உடலுறுப்பைத் தாங்கும் துணிப் பட்டைகளையே என்பதைக் கவனிக்க வேண்டும். இப்பட்டை தாங்குவது முகமூடியை. முனைகளும் சூடேற்றும் கம்பியும் பொருத்திய குழாயும் 9019-க்கு உரியது என்பதே என் கணிப்பு. நீளமாக வரும் வெறும் பிளாஸ்டிக் குழாய்க்கு 3917 இருக்கிறது.

கருவியோடு வரும், அதற்கென்றே வடிவமைத்த பையை, வகைப்பாட்டு முறையின் ஐந்தாம் பொது விதி கருவியின் குறியீட்டிலேயே சேர்த்துவிடும். அதே பை தனியே வந்தால் 4202. பழுதுபார்ப்பதற்காகத் தனியே வரவழைக்கும் ஊதியின் கதை இன்னும் விசித்திரமானது. முழுக் கருவியின் வாசலில் நாம் திருப்பியனுப்பிய 8414, (அ) பிரிவின் வழியாக அந்த ஊதிக்காகத் திரும்பி வந்துவிடுகிறது.