‘100 விழுக்காடு பஞ்சுத் தாள்’: லினோ அச்சுக்கு வண்ணம் தீட்டுபவர்கள் கவனிக்க

வெட்டிக் கட்டிய, எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாத தாளை யாராவது ‘100 விழுக்காடு பஞ்சு, 300 கிராம், ஹாட் பிரஸ்’ (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம், சூடாக அழுத்தி வழவழப்பாக்கியது) என்று சொல்லி இணையத்தில் விற்றால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 150 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) மூன்று வாரமும் போயின.

பினாங்கில் வீட்டிலேயே லினோ (லினோலியம் தகடு) செதுக்கி, அதில் மை பூசித் தாளை வைத்து, மரக்கரண்டியால் தேய்த்து அச்செடுப்பவள் நான். கறுப்பு காய்ந்த பிறகு நீர்வண்ணம் தீட்டுவேன். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நினைவுப் பரிசாக 40 படம் கேட்டார்கள். படத்தில், லெபோ பசார் தெருவில் ஒரு பூக்கடை, அஞ்சடியில் (கடைவாசல் நடைபாதையில்) தொங்கும் மல்லிகைச் சரம், கீழே வாழை இலை. மல்லிகைக்கு வண்ணம் கிடையாது, தாளின் வெள்ளைதான் பூ. அதனால் தாள் விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பண்ணியிருக்கவே கூடாது. பண்ணினேன்.

தாள் விற்ற கடைக்காரர் கோலாலம்பூரில் இருக்கிறார். பேசியதெல்லாம் வாட்சாப்பில். “அச்சடித்து மேலே வாட்டர்கலர் போடுவேன் தம்பி, தாங்குமா?” என்று எழுதியே கேட்டேன். “தாராளமா தாங்கும் அக்கா. நாங்களே வெட்டுறோம், அதான் மலிவு” என்றார். மாதிரிக்கு ஒரு தாள் அனுப்பினார். அதில் அடித்தேன், தீட்டினேன், அருமையாக இருந்தது. உடனே ஏ4 அளவில் 60 தாள், ஒன்று இரண்டரை வெள்ளி. நான் வழக்கமாக வாங்கும் தாளில் பாதி விலைகூட இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கட்டு வந்தது. 44 தாளில் அச்செடுத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மாதிரித் தாளைவிட அச்சு நன்றாக விழுந்தது. நாலு தேய்ப்பில் மெல்லிய கோடுகூட முழுசாக இறங்கியது. சந்தோஷமாகக் கொடியில் மாட்டி, ஒரு வாரம் மின்விசிறியில் காயவிட்டேன்.

அப்புறம்தான் வாழை இலைக்குப் பச்சை தொட்டேன். தூரிகையை எடுப்பதற்குள் பச்சை கறுப்புக் கோட்டுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, மல்லிகைச் சரத்தில் ஏறி நின்றது. துணியால் ஒற்றினேன். தாள் பழைய போர்வை மாதிரி திரிதிரியாக எழுந்தது. அடுத்த தாள், அதற்கடுத்த தாள், எல்லாம் அதே கதை. நான் அடித்தது எண்ணெய் மை. தண்ணீர் மையாக இருந்திருந்தால் கரைந்தது மைதான் என்று நினைத்து, குற்றத்தை என் மேலேயே போட்டுக்கொண்டிருப்பேன்.

சங்கதி இதுதான். புடவைக்குக் கஞ்சி போடுவது போல, நீர்வண்ணத் தாளுக்குப் பசை ஊட்டுவார்கள். சைசிங் என்பார்கள். அது இருந்தால்தான் வண்ணம் மேலேயே நிற்கும், வைத்த இடத்தில் இருக்கும். பசை இல்லாத தாள் மெத்தென்று இருப்பதால் லினோ மையை ஆசையாக வாங்கிக்கொள்ளும். கையால் தேய்ப்பவர்களுக்கு மெலிந்த தாள் இன்னும் வசதி. ஆக, எந்தக் குறையால் வண்ணம் பாழானதோ, அதே குறையால்தான் அச்சு கச்சிதமாக வந்தது. கறுப்பைப் பார்த்து மயங்கி அத்தனையையும் அடித்து முடித்துவிட்டேன்.

கடைக்காரரைக் கேட்டேன். “பினாங்கு ஈரம் அக்கா, தாள் கெட்டுப்போச்சு” என்றார். நம் ஊர் ஈரத்தில் தாள் நாள்பட்டுக் கிடந்தால் பசை கெடும், பூசணம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் இந்தக் கட்டைப் பிரித்தே பத்து நாள் ஆகவில்லை. மாதிரித் தாளும் இதே அலமாரியில்தான் இருந்தது.

சரி, சோதித்தே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது போல இரண்டு தாளின் ஓரத்திலும் ஒரு சொட்டு வைத்தேன். மாதிரியில் சொட்டு முத்தாக நின்றது. கட்டுத் தாளில் நான் சொட்டுக்குழாயைக் கீழே வைப்பதற்குள் உறிஞ்சி, பின்பக்கம் ஈரம் தெரிந்தது. நாக்கு நுனியில் வைத்தால் ஒட்டிக்கொண்டது. (வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.)

அடுத்து எடை. ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், அதனால் 16 தாளை மாவு நிறுக்கும் தராசில் வைத்தால் வரும் கிராமே அந்தத் தாளின் கனம். எனக்கு வெள்ளையாக மிஞ்சியதும் 16 தான். 300 காட்ட வேண்டிய தராசு 212 காட்டியது. கீழே மளிகைக்கடை அண்ணனிடம் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைக் கேட்டு வாங்கிக் காட்டினேன். கட்டுத் தாள் நீலமாகப் பளிச்சென்று மின்னியது, மாதிரி மங்கலாகக் கிடந்தது. மின்னினால் பஞ்சே இல்லை என்று சொல்ல முடியாது, வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் இரண்டும் ஒரே சரக்கு இல்லை என்பதற்கு அது போதும்.

படங்களை அனுப்பியதும் பேச்சு மாறியது. “அச்சுக்குத்தானே வாங்குனீங்க, அச்சு நல்லாத்தானே வந்துச்சு?” வாட்டர்கலர் என்று நான் எழுதிய வரியை எடுத்துக் காட்டினேன். பாதிப் பணத்துக்கு வேறு பொருள் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். மறுநாளிலிருந்து என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

மலேசியாவின் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் அது சொந்தத் தேவைக்கு வாங்கியவர்களுக்கான இடம். நான் படமாக்கி விற்பதற்கு வாங்கியவள், வழக்கு நிற்காது என்று விட்டுவிட்டேன். பொழுதுபோக்குக்கு வாங்கி ஏமாந்தவர்கள் விடாதீர்கள்.

கல்யாணப் படங்களை நீரெழுத்து (வாட்டர்மார்க்) உள்ள முழுத் தாள் வாங்கி, நானே வெட்டி, முதுகை லேசாக ஈரப்படுத்தி மூன்று ராத்திரியில் அடித்துக் கொடுத்தேன். ஆர்ச்சஸ், ஃபாப்ரியானோ போன்ற நிறுவனங்களின் முழுத் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் பெயர் தெரியும். துண்டு போட்ட தாளில் அந்தப் பெயர் யார் வீட்டுக்குப் போனதோ! இனி துண்டுத் தாளே வேண்டியிருந்தாலும், மாதிரியை நம்ப மாட்டேன். வந்த கட்டின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவி, அச்சு, வண்ணம் இரண்டையும் பார்த்த பிறகுதான் அடுத்த தாளில் கை வைப்பேன்.

கெட்டுப்போனவற்றில் சிலவற்றைக் கலர் பென்சிலால் தேற்றினேன். 16 வெள்ளைத் தாளும் வெறும் கறுப்பு அச்சுக்கென்று அலமாரியில் இருக்கின்றன. அவர் கடையில் நேற்றுப் பார்த்தேன். அதே படம், அதே ‘100 விழுக்காடு பஞ்சு’. விலையை மட்டும் ஐம்பது காசு குறைத்திருக்கிறார்.