மாக்கின்டாஷின் இரண்டு வீடுகள்: எதற்குப் போகலாம்?

கிளாஸ்கோ பக்கம் போனால், கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மாக்கின்டாஷ் வடிவமைத்த இரண்டு வீடுகளைப் பார்க்கலாம். கையில் ஒரு நாள்தான் என்றால் எதற்குப் போவது?

பெல்லஹூஸ்டன் பூங்காவில் இருக்கிறது 'ஹவுஸ் ஃபார் அன் ஆர்ட் லவர்'. பெயர்தான் வீடு, இங்கே யாரும் குடியிருந்ததில்லை. 1901-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகை நடத்திய போட்டிக்காக மாக்கின்டாஷும் மனைவி மார்கரெட் மக்டொனால்டும் வரைந்தது. உள்ளறைப் படங்கள் குறைவாக இருந்ததால் போட்டியிலிருந்து விலக்கப்பட்டாலும் தனிப் பரிசு கிடைத்தது. அப்புறம் பல பத்தாண்டுகள் காகிதத்திலேயே கிடந்தது. கிரஹாம் ராக்ஸ்பரோ என்ற பொறியாளரின் முயற்சியால் 1989-ல் கட்ட ஆரம்பித்து, நடுவில் நின்று, 1996-ல் திறந்தார்கள். படத்தில் இல்லாததை இக்காலக் கலைஞர்கள் ஊகித்துச் செய்தார்கள்.

கல்யாணத்துக்கு இது அருமையான இடம். வெளிச்சம் நிறைந்த வெள்ளை இசை அறையில் மாலை மாற்றுவதை நினைத்துப் பாருங்கள்! நூறு வருடப் பொருள் எதிலும் கீறல் விழுந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. பார்வையாளராகப் போகிறவர்கள் மட்டும் அன்றைக்கு நிகழ்ச்சி உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹெலன்ஸ்பரோவில் இருக்கும் ஹில் ஹவுஸ் அப்படியல்ல. பதிப்பாளர் வால்டர் பிளாக்கி குடும்பத்துக்காக 1904-ல் முடித்த வீடு. அந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மாக்கின்டாஷ் அறைகளை வகுத்தார். வெள்ளைப் படுக்கையறை, சுவரில் ரோஜாக்கள், ஏணிபோல் உயர்ந்த முதுகு கொண்ட கறுப்பு நாற்காலி எல்லாம் இங்கேதான்.

வெளிச்சுவருக்கு அவர் போட்ட சிமென்ட் பூச்சுதான் வினையானது. மழைநீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியின்றிச் சுவர் ஊறிப்போனது. அதனால் 2019-ல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை முழு வீட்டையும் கூரை போட்ட பெரிய கூண்டுக்குள் வைத்தது. அதன் பக்கங்கள் எஃகு வளையங்களால் பின்னிய வலை. காற்று வரும், மழை பெரும்பாலும் வராது, சுவர் மெல்ல உலரும். கூண்டுக்குள் நடைபாதைகள் உண்டு. அதில் ஏறி, வீட்டுக் கூரையையும் புகைபோக்கிகளையும் மேலிருந்தே பார்க்கலாம். இந்த வாய்ப்பு பிளாக்கிக்கே கிடைத்திருக்காது.

விழா நடத்த கிளாஸ்கோ வீடு, சரி. ஒரே நாள் என்றால் நான் ஹெலன்ஸ்பரோ ரயிலில்தான் ஏறச் சொல்வேன். கூண்டு தற்காலிகமானது. அதைக் கழற்றுவதற்குள் போய்விடுங்கள்.