நாற்பது மணி நேரக் கடன்: தோட்டப் பயிற்சி முடித்து மூன்று வருஷம்

2022 ஆடியில் தோட்டப் பயிற்சியில் சேர்ந்தேன். பத்துச் சனிக்கிழமை, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. கட்டணம் 500 ரூபாய். டீ, வடை, ஒரு கிட் எல்லாம் அதற்குள் அடக்கம். நடத்தியது எங்கள் பக்கத்து வேளாண் விரிவாக்க அலுவலகம் ஒன்று. பெயர் வேண்டாம், பின்னால் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன். சான்றிதழ் வாங்கிய கையோடு இதை எழுதியிருந்தால் ஒரேயடியாகப் புகழ்ந்திருப்பேன். அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைப்பு.

பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வெயிலுக்குக் குறைவே கிடையாது. பயிற்சிக்கு முன்னால் நாலு கருவேப்பிலைக் கன்றைக் கொன்றிருந்தேன். "உனக்குக் கைராசி இல்லை" என்று அத்தை சொல்வார். அந்த ரோஷத்தில்தான் பெயர் கொடுத்தேன்.

சேரும்போதே ஒரு நிபந்தனை. படித்து முடித்த ஒரு வருஷத்துக்குள் 40 மணி நேரம் பொதுவேலை செய்ய வேண்டும். பள்ளித் தோட்டம், அங்கன்வாடி, ஆலோசனை மேசை, எதுவாகவும் இருக்கலாம். இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று வகுப்பெடுத்த மேடம் முதல் நாளே சொன்னார். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், 1970களின் தொடக்கத்தில், பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகங்களுக்கு நகரத்து வீடுகளிலிருந்து ஓயாமல் போன் வந்திருக்கிறது. ரோஜாவில் புள்ளி, தக்காளியில் புழு என்று. விவசாயிகளைக் கவனிக்க நேரமில்லாமல் போகவே, தோட்டம் போடுகிற ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, அதற்குப் பதிலாக மற்றவர்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வைத்தார்களாம். 1973இல் ஆரம்பித்த அந்த 'மாஸ்டர் கார்டனர்' முறை பிறகு அந்த நாடு முழுக்கப் பரவிவிட்டது. நம் ஊரில் விரிவாக்கம் என்றால் பெரும்பாலும் வயலுக்குத்தான். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் மையம் 1974இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. மொட்டை மாடிக்காரர்கள் அந்த வாசலுக்கு வந்தது ரொம்பப் பிந்தி.

வகுப்பில் மண் கலவை, விதைத் தேர்வு, உரம், பூச்சி என்று வரிசையாகப் போனார்கள். ஸ்லைடு எல்லாம் இங்கிலீஷ், பேச்சு தமிழ். செம்மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் எங்களையே கையால் பிசைய வைத்த நாள் அருமை. பஞ்சகவ்யாவுக்கு ஒன்றரை மணி நேரம் போனது. தண்ணீருக்கு ஐந்து நிமிடம். "காலையும் மாலையும் ஊற்றுங்கள்", அவ்வளவுதான்.

அந்த ஐந்து நிமிடத்தால் எனக்கு ஒரு வருஷம் போனது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. துணி துவைத்தாலே நுரை வராது. முதல் மூன்று மாதம் செடிகள் நன்றாக வந்தன. அப்புறம் வெண்டை இலையின் ஓரம் தீய்ந்தது. குரோ பேக்கின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. நான் அதைப் பூஞ்சை என்று நினைத்துக் கிட்டில் தந்த டிரைக்கோடெர்மாவை (நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை) கரைத்து ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தேன். காலாவதித் தேதி எங்கள் வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே முடிந்திருந்தது. உயிருள்ள பொருளைப் பயிற்சிக்குக் கொடுப்பவர்கள் தேதி பார்க்க வேண்டாமா? போன் போட்டுக் கேட்டதற்கு "ஸ்டாக் அப்படித்தான் வந்தது" என்றார்கள்.

வெள்ளைப் படிவம் பூஞ்சை இல்லை, உப்பு என்று கண்டுபிடித்தவர் என்னோடு படித்த ரயில்வே ஓய்வு அண்ணாச்சி. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது அளத்து உப்புல்லா!" என்றார். இப்போது வாரத்தில் ஒரு நாள் குடிதண்ணீர்க் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரைப் பையின் அடியில் வழிந்து ஓடும் வரை ஊற்றுகிறேன். உப்பு கரைந்து இறங்கிவிடுகிறது. மழைத் தண்ணீர் பிடித்தால் இன்னும் நல்லது. நார்க்கழிவுக் கட்டியையும் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துதான் கலக்கிறேன், அதிலேயும் உப்பு இருக்கும்.

அடுத்தது பட்டம், அதாவது விதைக்கிற பருவம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று முதல் வகுப்பிலேயே விதை கொடுத்து அனுப்பினார்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது பாளையங்கோட்டைக்கு வருவது வெறும் காற்று. முளைத்த நாற்றைச் சாய்த்து, ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்களுக்குப் பெய்கிற மழை ஐப்பசி கார்த்திகையில். வயலுக்குச் சொன்ன பழமொழியைத் தட்டட்டிக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. நான் இப்போது ஆவணி கடைசியில் விதைக்கிறேன். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் கேகேஎம் 1 ரகக் கத்தரி அப்படி விதைத்ததில்தான் பிடித்தது. முட்டை மாதிரி வெள்ளைக் காய், கொத்தாகத் தொங்கும். என் கைராசியைப் பற்றி அத்தை பேசுவதை நிறுத்தியது அந்தக் கத்தரிக்காய் போட்டுக் கூட்டாஞ்சோறு வைத்த அன்றுதான்.

இனி அந்த 40 மணி நேரம். நான் அதை அபராதம் மாதிரிதான் நினைத்தேன். தீபாவளித் தையல் குவிந்து கிடக்கும்போது யார் போய்ப் பள்ளிக்கூடத்தில் மண் வெட்டுவது? எங்கள் வகுப்பில் சேர்ந்தது முப்பது பேர். சான்றிதழ் கைக்கு வந்ததும் பாதிப் பேரைக் காணோம். யாரும் கேட்கவும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஆலோசனை மேசை போட்டோம். ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு பூதக்கண்ணாடி. ஜனங்கள் கேரி பேக்கில் சீக்கு இலையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டாவது ஞாயிறு ஒரு அம்மா ஆறு தக்காளியை மேசையில் கவிழ்த்தார். எல்லாமே அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி தடித்து, குழி விழுந்திருந்தன. மருந்துக் கடையில் பூச்சிமருந்து என்று 380 ரூபாய்க்கு வாங்கி இரண்டு தடவை அடித்துவிட்டாராம். நானும் பூச்சி என்றே வாயைத் திறக்கப் போனேன். பக்கத்தில் இருந்த மேடம் கையமர்த்திவிட்டு, "தண்ணி எப்ப எப்பம்மா ஊத்துவீங்க?" என்று மட்டும் கேட்டார். மகள் வீட்டுக்குப் போனால் நாலு நாள் ஊற்ற ஆளில்லை, வந்ததும் வாளி வாளியாக ஊற்றுவேன் என்றார் அந்த அம்மா. தண்ணீர் ஏறுக்குமாறாகப் போனால் காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராது, அதனால் வருகிற அழுகல். பூச்சியும் இல்லை, நோயும் இல்லை, மருந்தும் தேவையில்லை. பத்து வகுப்பிலும் இந்தப் படம் ஸ்லைடில் வந்திருக்கும். எனக்கு அது பதிந்தது அந்த மேசையில்தான்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று வருகிறவர்களிடம் இப்போது முதலில் எறும்பு ஏறுகிறதா என்று கேட்கிறேன். மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்பை நிறுத்திவிட்டு, வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, எண்ணெய் தண்ணீரில் கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து வெயில் தாழ்ந்த பிறகு அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பள்ளித் தோட்டம் ஆற்றை ஒட்டிய ஒரு அரசுப் பள்ளியில். சீனியவரை, தடியங்காய், கீரை என்று நன்றாக வந்துகொண்டிருந்தது. 2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. தாமிரபரணி பள்ளிக்குள் வந்து போன பிறகு நாங்கள் பார்த்தது முழங்கால் உயரச் சேறு. காய்ந்ததும் மேலே ஓடு மாதிரி இறுகிவிட்டது, மம்பட்டி எகிறியது. பயிற்சிக் கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை. ஓட்டைப் பெயர்த்து, சருகும் சாணியும் கலந்து, முதலில் சணப்பு (பசுந்தாள் உரச் செடி) விதைத்து மடக்கி உழுவதுபோல் கொத்தச் சொன்னவர் பள்ளிச் சத்துணவு ஆச்சி. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலில் பிறந்து வளர்ந்தவர். அடுத்த வருஷம் அதே பாத்தியில் கொடி நுனியைக் கிள்ளி ஊன்றிச் சிறுகிழங்கு போடவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். பொங்கலுக்குத் தோண்டினோம். கடையில் வாங்குவதைவிடச் சிறுசுதான், தோல் சீவ உயிர் போனது. ஆனால் மணம் அப்படியே இருந்தது.

சேரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: சேருங்கள், ஆனால் சனிக்கிழமைகளை மட்டும் கணக்குப் பண்ணாதீர்கள். சான்றிதழை வைத்து ஒன்றும் நடக்காது, என்னுடையது துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் கிடக்கிறது. விதையும் உயிர் உரமும் கிட்டில் வந்தால் அங்கேயே தேதி பாருங்கள். வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு முதல் வகுப்புக்குப் போங்கள், அதைப் பற்றிக் கேளுங்கள்.

என் கணக்கில் இதுவரை 131 மணி நேரம் ஆகிவிட்டது. கடன் எப்போதோ அடைந்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் போகாவிட்டால் ஒரு மாதிரி இருக்கிறது. அடுத்த அணிக்குத் தண்ணீர் வகுப்பை நானே எடுக்கிறேன் என்று கேட்டிருந்தேன். ஒரு மணி நேரம் கேட்டதற்கு இருபது நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சகவ்யாவில் கொஞ்சம் பிடுங்க முடியுமா என்று மேடத்திடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.