வெறும் நேரத்தைக் கண்டால் பொறுக்காத செயலி

வேலை அட்டவணை போடும் செயலி ஒன்றை எங்கள் அச்சகத்தில் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது வருடச் சந்தாவைக் குறைத்திருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் "அண்ணாச்சி, நாமளும் போட்டுரலாமா?" என்று கேட்டார். வாட்ஸப்பில் ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. செயலியின் பெயர் வேண்டாம், திட்டப்போகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை வேலையில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. முகூர்த்தத் தேதியைக் கொடுத்தால், சிவகாசியிலிருந்து அட்டை வர ஆகும் நாளையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணி, ப்ரூஃப் என்றைக்கு, பிளேட் என்றைக்கு, டெலிவரி என்றைக்கு என்று அதுவே போட்டுவிடும். ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்தத்துக்குப் பல வீட்டார் வந்து நிற்கும்போது மிஷின் யாருக்கு எப்போது என்று பையன்கள் சண்டை போடுவது நின்றுவிட்டது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 மணி வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் வந்தால், அதைப் போட்டுவிட்டால் போதும், மடிப்பு வேலையைக் காலைக்கும் மிஷின் வேலையைச் சாயங்காலத்துக்கும் மாற்றிக்கொள்ளும். நோட்டில் எழுதி, அடித்து, திருப்பி எழுதியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். இந்தச் செயலிக்கு வெறும் நேரத்தைக் கண்டால் பொறுக்காது.

எங்கள் தொழிலில் சொல்லாமல் வருகிற வேலை நிறைய. சாவு என்ன நாள் குறித்துக்கொண்டா வருகிறது? காலையில் ஒருவர் தவறினால் சாயங்காலம் எடுப்பதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தெருமுனையில் ஒட்டியாக வேண்டும். கொண்டுவரும் போட்டோ எந்தக் காலத்து அடையாள அட்டையிலிருந்தோ எடுத்ததாக இருக்கும், அதைத் தேற்றி எடுக்கவே தனி நேரம் வேண்டும். இதற்காகத் தினமும் மத்தியானம் 3 முதல் 5 வரை வேண்டுமென்றே காலியாக விட்டால், வியாழக்கிழமை செய்ய வேண்டிய பில் புக்கை இழுத்து வந்து அதில் செருகிவிட்டு, 'காலி நேரம் பயன்படுத்தப்பட்டது' என்று பெருமையாக ஒரு அறிவிப்பும் அனுப்பும். சாப்பாட்டு நேரத்தைத் தவிர வேறு எதையும் காலியாகப் பூட்டி வைக்க வழியில்லை. உதவி மையத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, உங்கள் திறனை முழுமையாகப் பயன்படுத்தவே இந்த வசதி என்று பதில் வந்தது.

கடைசியில் 'சும்மா அண்ணாச்சி' என்று ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கி, தினமும் இரண்டு மணி நேர வேலையை அவர் பெயரில் ஏற்றிவிட்டோம். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் ஐந்து மணி ஆனால் 'சும்மா அண்ணாச்சி வேலை முடிந்ததா?' என்று எல்லார் போனும் அடிக்கும். மாதக் கணக்கில் அவர்தான் முதல் வாடிக்கையாளர், பில் மட்டும் கிடையாது. இவர் யார், எப்போது பணம் தருவார் என்று ஆடிட்டரே கேட்டுவிட்டார்.

கோவில் கொடை, அதாவது ஊர்க் கோவில் திருவிழா நோட்டீஸ் இன்னொரு கூத்து. ப்ரூஃப் பார்க்க ஒரு மணி நேரம் என்று செயலி போடுகிறது. கொடைக்கு வரி கொடுக்கும் வரிதாரர் பெயர் வரிசையாக வரும் நோட்டீஸுக்கு எந்த ஊரில் ஒரு மணி நேரத்தில் ப்ரூஃப் முடிந்திருக்கிறது? "எங்க சித்தப்பா பேரு கீழ போயிட்டு" என்று கொடைக்குக் கால் நடும் கால்நாட்டுக்கு முந்தின நாள் வரை யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள். அப்புறம் ஆனித் தேரோட்டம். உள்ளூர் விடுமுறை இதற்குத் தெரியாது, தேதியும் வருடா வருடம் மாறும், நாமேதான் போட வேண்டும். கடை இருப்பது ரத வீதியில். வாசலில் நெல்லையப்பர் தேர் நிற்கிறது, சட்டைப் பையில் 'லெட்டர்பேடு கட்டிங்' என்று போன் கத்துகிறது.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. சிக்னல் வந்ததும் திறந்தால் எல்லா வேலையும் சிவப்பு எழுத்தில், நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று. வந்த ஆத்திரத்துக்கு அழித்துவிடத்தான் போனேன். ஆனால் அதே செயலிதான் ஒரே தட்டில் எல்லாவற்றுக்கும் புதுத் தேதி போட்டு, தை முகூர்த்தக்காரர்களில் யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்று பட்டியலும் கொடுத்தது. கையால் அந்த வேலையைச் செய்திருந்தால் மார்கழி முழுக்க அதிலேயே போயிருக்கும்.

அம்பை நண்பருக்கு என் பதில், வேண்டாம். ஃப்ளெக்ஸ் கடைக்கு வருவதெல்லாம் இன்றைக்கே வேண்டும் என்கிற வேலை, இது இன்னும் பாடாய்ப் படுத்தும். நான் மட்டும் இந்த விலைக்கு விட மனசில்லாமல் இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன். ஆடிக் கொடை நோட்டீஸ் வர ஆரம்பிக்கும் என்பதால் சும்மா அண்ணாச்சிக்கு ஒரு மணி நேரம் கூட்டியும் கொடுத்தாயிற்று.