கோ மொழி: பத்து வருஷம் ஜாவா எழுதியவருக்குக் கட்டுப்படியாகுமா?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்த் திரும்புகிறவருக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மிஞ்சுவது ஒரு மணி நேரம். ஜாவாவிலோ பைத்தானிலோ கை பழகியவர் அந்த நேரத்தை கோ (Go) என்ற புரோகிராமிங் மொழியில் போடலாமா என்று பார்ப்போம். (இணையத்தில் தேடும்போது கோலாங் என்று தேடுங்கள், வெறும் ‘கோ’வுக்கு என்னென்னவோ வந்து நிற்கும்.)

கூகுளில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் மூவரும் 2007-ல் தொடங்கிய மொழி, 1.0 வந்தது 2012-ல். ஒதுக்கப்பட்ட சொற்கள் 25 தான். இலக்கணத்தை ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம். பலர் வழுக்குவதும் இங்கேதான்: இலக்கணம் வந்ததும் பழைய ஜாவாவையே புது எழுத்தில் எழுதிவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று மூடிவைத்துவிடுகிறார்கள்.

மொழியின் குணம் தெரிய வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடியும் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ஓசூர் சிப்காட்டில் 200 மெஷின் உள்ள ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மெஷினும் வினாடிக்கு ஒரு ரீடிங்கை டிசிபி (TCP) நெட்வொர்க் இணைப்பு வழியே அனுப்பும். அதை வாங்கிச் சேமிக்க ஒரு சின்ன சர்வர். கனெக்‌ஷனுக்கு ஒரு கோருட்டீன் (கோ மொழியின் இலேசான த்ரெட்) போதும். ஒன்று தொடங்கும்போது சுமார் 2 கேபி ஸ்டாக்தான் எடுக்கும் என்பதால் 200 என்பது ஒரு கணக்கே இல்லை.

முதல் நாள் எல்லாம் ஓடும். பிறகு ஒரு மெஷினின் கன்ட்ரோலர் தொங்கிப்போய் அதன் நெட்வொர்க் மட்டும் உயிரோடு இருந்தால், ரீட் முடிவே இல்லாமல் காத்துக் கிடக்கும். எதிர்முனை நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் டிசிபி கீப் அலைவ் இதைப் பிடிக்காது. ரீட் டெட்லைன் வைக்க வேண்டும். அது ‘இத்தனை வினாடி’ என்ற அளவு இல்லை, ‘இன்ன மணிக்குள்’ என்ற கெடு. ஒருமுறை மட்டும் வைத்தால் கெடு தாண்டியதும் நல்ல கனெக்‌ஷனும் அறுந்துவிடும். ஒவ்வொரு ரீடுக்கு முன்னும் புதுப்பிக்க வேண்டும்.

கடைசி ரீடிங்கை ஒரு மேப்பில் வைத்து, பல கோருட்டீன்கள் பூட்டில்லாமல் எழுதினால் முழு புரோகிராமும் செத்துவிழலாம். விழும் புரோகிராமைத் தாங்கிப் பிடிக்கும் ரெக்கவர் போட்டாலும் இதைக் காப்பாற்ற முடியாது. சோதிக்கும்போது, இப்படிப் பூட்டில்லாமல் மோதும் இடங்களைக் காட்டும் ரேஸ் டிடெக்டரைப் போட்டு ஓட்டுங்கள். மெமரி 5 முதல் 10 மடங்கும், நேரம் 2 முதல் 20 மடங்கும் கூடலாம். அதனால் புரொடக்‌ஷனில் வேண்டாம்.

இனி அந்தப் புரோகிராமை 64-பிட் ஓஎஸ் உள்ள ஒரு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஏற்றுங்கள். கோஓஎஸ் (GOOS), கோஆர்ச் (GOARCH) என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்களை லினக்ஸ், ஆர்ம்64 என்று மாற்றி பில்ட் செய்தால் ஒரே ஃபைல் வரும். அந்தப் பக்கம் எதையும் நிறுவ வேண்டாம். ஜேவிஎம்மோடு மல்லுக்கட்டியவருக்கு இது ஒன்றே போதும். ஆனால் எஸ்கியூலைட் (SQLite) என்ற சின்ன டேட்டாபேஸுக்குப் பலரும் எடுக்கும் டிரைவர் சி நிரலைச் சார்ந்தது. வேறு கட்டமைப்புக்கு பில்ட் செய்யும்போது சி நிரலை கோவோடு இணைக்கும் சிகோ (cgo) தானாக அணைந்துவிடும். பில்ட் சத்தமில்லாமல் முடிந்து, ஓட்டும்போது டேட்டாபேஸ் திறக்காது. முழுக்க கோ மொழியிலேயே எழுதிய டிரைவரை எடுத்தால் வம்பில்லை.

தேதி வடிவம் மட்டும் சுத்தக் கிறுக்கு. 2006-01-02 15:04:05 என்ற அதே எண்களை மாதிரியாக எழுதிக் காட்ட வேண்டும். ஒய்ஒய்ஒய்ஒய் (YYYY) என்று எழுதினால் அந்த எழுத்துகளே அச்சாகும்.

மூன்று வரிக்கு ஒருமுறை எரர் பார்க்கும் சலிப்பு எல்லாருக்கும் உண்டு. அதற்காக அப்படியே மேலே தள்ளிவிட்டால் லாகில் ‘இஓஎஃப்’ (EOF, டேட்டா முடிந்தது) என்று மட்டும் விழும், 200-ல் எது என்று தெரியாது. எரரோடு மெஷின் எண்ணையும் சேர்த்து மேலே அனுப்புங்கள்.

ஜாவா 21-க்கு ஏற்கெனவே மாறியவருக்கு கோருட்டீன் போலவே இலேசான வர்ச்சுவல் த்ரெட் இருக்கிறது. கோருட்டீனுக்காக மட்டும் இங்கே வர வேண்டாம். 64 கேபி ராம் உள்ள மைக்ரோகன்ட்ரோலரில் ஃபர்ம்வேர் எழுதும் ஓசூர்க்காரருக்கு சி-யே சரி, அடுத்தது வேண்டுமானால் ரஸ்ட். கோ மொழியின் ரன்டைம் அதில் அடங்காது. சர்வர்களில் கன்டெய்னர்களை ஓட்டும் குபர்னெட்டீஸ், டாக்கர் பக்கம் வேலை செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு படிக்கலாம், இரண்டுமே இதில் எழுதியவை.

நிறுவும் ஃபைல் 100 எம்பிக்குள். அடிப்படை நூலகத்தின் விளக்கம் ‘கோ டாக்’ வழியே நெட் இல்லாமலும் கிடைக்கும். வெளி பேக்கேஜ்களை ‘கோ மாட் வெண்டர்’ கொடுத்து முன்பே இறக்கிவிட்டால், பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சிக்னல் இல்லாத ஊரிலும் பில்ட் நிற்காது.

பழைய பாடங்களில் லூப் வேரியபிளை உள்ளே நகலெடுக்கச் சொல்வார்கள். 2024 பிப்ரவரியில் வந்த 1.22-லிருந்து அது தேவையில்லை. ஆனால் புராஜெக்ட்டின் கோ மாட் (go.mod) ஃபைலில் அதைவிடப் பழைய பதிப்பு எண் இருந்தால், கம்பைலர் புதிதானாலும் லூப் பழையபடியே நடக்கும். அந்த வரியை முதலில் பாருங்கள்.