மெட்ஃபார்மினோடு 8 வருடம்: வயிறு சொன்னதும் கால் சொன்னதும்

2017 ஜூனில், பள்ளி திறந்த இரண்டாவது வாரம், சினைப்பை நீர்க்கட்டிக்காக (பி.சி.ஓ.எஸ்.) முதல் மெட்ஃபார்மின் மாத்திரையைப் போட்டேன். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை அது. 500 மில்லிகிராம். காலை ஐந்தரை மணி, வெறும் வயிறு. அம்மா தைராய்டு மாத்திரையை அப்படித்தான் போடுவார். காலை மாத்திரை என்றாலே வெறும் வயிற்றில் போடுவது என்று நானாக நினைத்துக்கொண்டேன். 'சாப்பாட்டுக்குப் பின்' என்று டாக்டர் சீட்டில் எழுதித்தான் இருந்தார். அந்தக் கையெழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரர் ஒருவரால்தான் முடியும். அவரோ கவரில் 1-0-1 என்று மட்டும் குறித்துக் கொடுத்துவிட்டு, "யாருக்கும்மா சுகர்?" என்று கேட்டார்.

லால்குடியில் பஸ் ஏறினால் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வாளாடி தாண்டியதுமே வயிறு கலக்கத் தொடங்கிவிட்டது. கொள்ளிடம் பாலம் வந்தபோது நெற்றியில் வியர்வை. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். முதல் பீரியட் பாதியில், பலகையில் எழுதிய சமன்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பீரியட் வரவில்லை என்று மாத்திரை போட்டவளுக்கு அன்று ஒரு பீரியடைக்கூட முழுசாக எடுக்க முடியவில்லை.

நீர்க்கட்டி என்று சொன்னதும் எங்கள் வீட்டில் ஏதோ கட்டி வளர்ந்திருக்கிறது, அறுத்து எடுக்க வேண்டும் என்றே புரிந்துகொண்டார்கள். ஸ்கேனில் தெரிவது உண்மையில் கட்டி இல்லை. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள் அவை. என் விஷயத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. அதை ஈடுகட்ட உடம்பு கூடுதலாக இன்சுலின் சுரக்க, அந்த இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன் அதிகம் சுரக்க வைக்க, முட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. சர்க்கரை நோய் இல்லாத எனக்கு சர்க்கரை மாத்திரை கொடுத்தது இதனால்தான். கடைக்காரரிடம் இதையெல்லாம் விளக்க முடியாது. அம்மாவின் கவலை வேறு. அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல பட்டா சுகர்னு முடிவே கட்டிடுவாங்கடி" என்று அட்டையைப் பிஸ்கட் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தார். ஒளித்து வைத்த மாத்திரையை எத்தனை நாள் மறந்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

முதல் இரண்டு மாதம் பேதி, குமட்டல், வயிற்றுப் பொருமல். வாயில் பழைய இரும்புச் சாவியைக் கடித்துக்கொண்டிருப்பது போல ஒரு ருசி. ரசம்கூட அந்த ருசியில்தான் இருந்தது. 'உடம்பு பழகிவிடும்' என்று எல்லோரும் சொன்னார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் நான் செய்த தப்போடு பழகச் சொன்னால் எந்த உடம்பு பழகும்? இரண்டாவது முறை போனபோது டாக்டர் எப்படிப் போடுகிறாய் என்று விசாரித்தார், சொன்னேன், தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மெதுவாகக் கரையும் வகைக்கு, அதாவது எஸ்.ஆர். மாத்திரைக்கு மாற்றினார். இரவுச் சாப்பாட்டுக்கு நடுவிலோ முடிந்த உடனேயோ ஒன்று. இரண்டு வாரம் வயிறு சும்மா இருந்தால் இன்னொன்று. உடைக்கக் கூடாது, கடிக்கக் கூடாது. அப்படியே ஏறி 1500 மில்லிகிராமில் நின்றேன். பேதி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பூரி, பிரியாணி மாதிரி எண்ணெய் அதிகமானவற்றைச் சாப்பிட்ட இரவுகளில் மட்டும் இன்றும் வயிறு நினைவூட்டும். இட்லி, மோர் சாதம் என்றால் வாயே திறக்காது.

இந்த எஸ்.ஆர். மாத்திரையில் இன்னொரு கூத்து உண்டு. ஒருநாள் மலத்தில் மாத்திரை முழுசாக வெளியே வந்திருந்தது. மருந்து உடம்பில் சேரவே இல்லை போலிருக்கிறது, இத்தனை மாதப் பணமும் வீண் என்று பயந்து போனேன். மருந்து முழுக்கக் கசிந்து இறங்கிய பிறகு வெறும் ஓடு மட்டும் அப்படி வருமாம். சில கம்பெனி மாத்திரைகளில் இது சகஜம் என்றார் டாக்டர். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால்தான் கூச்சத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

சரி, நான் செய்த பெரிய முட்டாள்தனத்துக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் மாதவிடாய் 35, 38 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. சரியாகிவிட்டது என்று நானே மாத்திரையை நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. ஜனவரியில் வந்தது, அதன்பின் இல்லை. மார்ச்சில் ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்பட்ட காலம், இதற்காகப் போவதா என்று தள்ளிப்போட்டேன். ஜூலையில் தொடங்கிய உதிரப்போக்கு 19 நாள் நிற்கவில்லை. ஹீமோகுளோபின் 8.4. ஸ்கேனில் கருப்பையின் உட்சவ்வு தடித்திருந்தது. மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருந்தால் அந்தச் சவ்வு உதிராமல் வளர்ந்துகொண்டே போகும், அப்படியே விட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் வரைகூடப் போகலாம் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். வரவில்லையே, தொல்லை விட்டது என்று அதுவரை சந்தோஷமாக இருந்தவள் நான்.

புரோஜெஸ்டிரோன் மாத்திரை 10 நாள் கொடுத்தார்கள். முடித்த நாலாம் நாள் உதிரம் வந்தது. அந்தப் பத்து நாளும் மார்பக வலி, உப்புசம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். தம்பி டிவி சத்தம் வைத்ததற்கு அழுதேன். மாத்திரையால்தான் இப்படி என்று தெரிந்த பிறகு வீட்டிலேயே அறிவித்துவிட்டேன், 'இந்தப் பத்து நாள் என்னிடம் வராதீர்கள்' என்று. ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது. மெட்ஃபார்மின் ஒரு பக்கம் இளக்க, இரும்பு ஒரு பக்கம் இறுக்க, என் குடலுக்கு எந்த உத்தரவைக் கேட்பதென்று தெரியவில்லை.

அப்புறம் கருத்தடை மாத்திரை. தாடையில் முளைத்த முடிக்கும் முகப்பருவுக்கும் சேர்த்து, சைப்ரோடிரோன் கலந்த வகை, 21 நாள் போட்டு 7 நாள் இடைவெளி. முகம் நன்றாகவே தெளிந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் மூன்றாம் மாதம் தலைவலி வந்தது. அதற்கு முன் கண்ணோரம் வளைவு வளைவாக வெளிச்சம் மினுங்கும், கால்மணி நேரம் எழுத்து தெரியாது, பிறகு பாதித் தலை பிளக்கும். கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று நினைத்தேன். இரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது பேச்சுவாக்கில் சொல்ல, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்றே நிறுத்தச் சொன்னார். இப்படி வெளிச்சம் காட்டி வரும் ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை போட்டால் பக்கவாத ஆபத்து கூடுமாம். இது எவ்வளவு முக்கியமான கேள்வி! மாத்திரை கொடுக்கும்போதே யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை என்றாலும் நாமே சொல்லிவிடுவது நல்லது. தலைவலி, காலில் திடீர் வீக்கம், வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்த கதை, புகைப்பழக்கம், எல்லாவற்றையும்தான்.

வயிற்றுக் கோளாறு சத்தம் போட்டு வந்தது, தலைவலியும் அப்படித்தான். கால் மட்டும் ரகசியமாக வந்தது. 2021 கடைசியில் இரவு படுத்தால் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும். நாளெல்லாம் நின்று பாடம் எடுக்கிறோம், அதனால் என்று எண்ணினேன். சேர்ந்து அசதி, நாக்கில் எரிச்சல். மாமியார் விளக்கெண்ணெய் தடவினார், பாவம். அரை வருடம் இப்படிப் போனபின் பரிசோதனையில் வைட்டமின் பி12 168 என்று வந்தது. அந்த லேப் கணக்கில் 200-க்குக் கீழே குறைவு. மெட்ஃபார்மின் பல வருடம் போடுகிறவர்களுக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவது குறையும். கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு இருப்பதால் உடனே தெரியாது, இருப்பு கரைந்த பிறகுதான் காட்டும். பி12 இயற்கையாகக் கிடைப்பது கறி, மீன், முட்டை, பாலில். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, அமாவாசை, புரட்டாசி முழுக்க என்று கழித்தால் கறி சமைக்கிற நாள் எத்தனை மிஞ்சும்? சிவப்பு நிற ஊசி, ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாத்திரை. எறும்பு போக நாலு மாதம் ஆனது. வலது கட்டைவிரல் நுனியில் இன்றும் கொஞ்சம் மரத்த உணர்வு மிச்சமிருக்கிறது.

2022-ல் குழந்தைக்காக லெட்ரோசோல், முட்டையை முதிர வைக்கும் மாத்திரை, ஐந்து நாள் மட்டும். உடம்பெல்லாம் குப்பென்று சூடேறும், தலை பாரமாக இருக்கும், அவ்வளவுதான். பிரச்சினை அதன் சீட்டில்தான். மார்பகப் புற்றுநோய் மருந்து என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு என் நாத்தனார் ஊரையே கூட்டினார். இந்தியாவில் 2011-ல் கருத்தரிப்புக்காக இதைக் கொடுக்கக் கூடாது என்று தடையே இருந்தது, 2017-ல் நீக்கினார்கள். பழைய செய்தியைப் பார்த்துவிட்டுச் சிலர் இன்னும் பயமுறுத்துவார்கள். மகளுக்கு இப்போது இரண்டு வயது. கர்ப்பம் உறுதியானதும் மெட்ஃபார்மினை என் டாக்டர் நிறுத்தினார், அவளுக்கு ஒரு வயதானதும் திரும்பத் தொடங்கினேன்.

இத்தனைக்கும் பலன் என்ன என்று கேட்டால், சுழற்சி பெரும்பாலும் 40 நாளுக்குள் வருகிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 5.9 சதவீதத்திலிருந்து 5.5 ஆனது. எடை 74-லிருந்து 70. உடம்பு இளைக்க மெட்ஃபார்மின் போடலாமா என்று கேட்கும் தோழிகளுக்கு இந்த நாலு கிலோவைத்தான் காட்டுகிறேன், அதிலும் பாதி மாலை நடையால் குறைந்தது. தாடை முடி ஒன்றும் குறையவில்லை, அதை நூல் போட்டு எடுப்பதுதான்.

இப்போது அட்டை சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. போன மாதப் பரிசோதனையில் பி12 340. அடுத்த முறை போகும்போது 1500-ஐ 1000 ஆக்கலாமா என்று கேட்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். கேட்கும்வரை மூன்றுதான்.